மண்ணிலிருந்து வந்த 168

ஆய்வகங்களில் அதிகம் வளர்க்கப்படும் பாக்டீரியா எது என்று கேட்டால் ஈ.கோலை என்ற பதில் உடனே வரும். அதற்கடுத்து எது என்றால், நுண்ணுயிரியல் படித்தவர்கள் பேசில்லஸ் சப்டிலிஸ் என்பார்கள். மண், வைக்கோல், சாணம், தூசி, செடிகளின் வேரோரம் என எங்கும் இருக்கிற, குச்சி வடிவ பாக்டீரியா அது. நல்ல உடல்நிலையில் உள்ளவர்களுக்கு அது நோய் தருவதில்லை. அதனால் காசநோய்க் கிருமியைப் போலவோ காலராக் கிருமியைப் போலவோ அதன் பெயர் வெளியே அடிபடுவதும் இல்லை. ஆனால் ஓர் உயிரணு தன் சூழலை அறிந்து எப்படி முடிவெடுக்கிறது, ஒரே மரபணுக்களைக் கொண்ட இரண்டு உயிரணுக்கள் எப்படி வேறு வேறு வழிகளில் போகின்றன என்பவை பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் கணிசமான பங்கு இந்த பாக்டீரியா தந்தது.

கற்றுத்தந்தது மண்ணில் வாழும் பேசில்லஸா, அல்லது பல பத்தாண்டுகளாக நாம் கண்ணாடிக் குடுவையில் வளர்த்துப் பழக்கிய ஒரு தனி ரகமா? இந்த உயிரியைப் பற்றிய ஆய்வுகளை மொத்தமாக எடுத்துப் பார்க்கும்போது இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை. பழக்கிய ரகம் நமக்குக் கொடுத்தது மிகப் பெரியது. அது மறைத்ததும் குறைவல்ல. இதுவே என் கருத்து.

ஜெர்மானியரான எஹ்ரன்பெர்க் 1835இல் இந்த உயிரியை விவரித்தார். பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற இன்றைய பெயரை 1872இல் கொடுத்தவர் பிரெஸ்லாவில் பணியாற்றிய ஃபெர்டினாண்ட் கோன். அதே கோன் 1876இல் இதன் உடலுக்குள் உருவாகும் அகவித்துகளைப் பற்றி எழுதினார். வைக்கோல் ஊறிய நீரைக் கொதிக்க வைத்தாலும் இந்த வித்துகள் சாவதில்லை, ஆறியபின் முளைத்துவிடுகின்றன என்று காட்டினார். ஆந்த்ராக்ஸ் கிருமியின் வாழ்க்கைச் சுழற்சியைப் பற்றி ராபர்ட் கோக் எழுதிய கட்டுரையும் அதே ஆண்டில், கோன் நடத்திய இதழில்தான் வந்தது. அந்தக் கிருமியும் வித்துகளை உண்டாக்கும் ஒரு பேசில்லஸ்தான்.

அந்த வித்துகள் அன்று ஒரு பெரிய விவாதத்தின் நடுவே இருந்தன. உயிரற்ற பொருளிலிருந்து உயிர் தானாகத் தோன்றுமா என்ற சண்டை இங்கிலாந்தில் மும்முரமாக நடந்துகொண்டிருந்த காலம். தோன்றாது என்ற பக்கத்தில் நின்றவர் இயற்பியலாளர் ஜான் டிண்டால். கொதிக்க வைத்து மூடிய வைக்கோல் நீரில் எதுவும் வளராது என்பதை அவர் பலமுறை செய்து காட்டியிருந்தார். திடீரென்று அதே சோதனை அவர் கையிலேயே தோற்கத் தொடங்கியது. மணிக்கணக்கில் கொதித்த குடுவைகளும் கலங்கின. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனுக்குள் கொண்டுவந்த வைக்கோலிலிருந்து வித்துகள் கட்டடக் காற்றெங்கும் பரவிவிட்டன என்று புரிந்துகொண்ட டிண்டால், சோதனைகளைக் கியூ தாவரவியல் பூங்காவின் ஆய்வகத்துக்கே மாற்ற வேண்டியிருந்தது. 1877இல் அவர் ஒரு வழி கண்டார். ஒரே மூச்சில் நெடுநேரம் கொதிக்க வைக்காமல், இடைவெளி விட்டுப் பலமுறை சூடாக்கினார். இடைவெளியில் வித்துகள் முளைக்கும். முளைத்தது அடுத்த சூட்டில் சாகும். டிண்டால் முறை என்று இன்றும் பாடப்புத்தகங்களில் இருப்பது இதுதான். ஆட்டோகிளேவில் 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், 15 நிமிடம் என்று நம் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் கணக்கும் இத்தகைய வித்துகளை மனதில் வைத்து வகுத்ததே.

அதன்பின் அறுபது எழுபது ஆண்டுகள் இது ஒரு சாதாரண மண் பாக்டீரியாவாகவே இருந்தது. திருப்பம் வந்தது யேல் பல்கலைக்கழகத்தில். பர்க்ஹோல்டர், கைல்ஸ் என்ற இருவர் மார்பர்க் ரகம் எனப்பட்ட பேசில்லஸ் சப்டிலிஸின் மீது எக்ஸ் கதிரையும் புறஊதாக் கதிரையும் பாய்ச்சி, சத்துப் பொருட்களைத் தானே தயாரிக்க முடியாத ரகங்களைப் பிரித்தெடுத்து 1947இல் வெளியிட்டார்கள். அவற்றில் ஒன்று டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தை ஊட்டினால் மட்டுமே வளரும். அதன் எண் 168. மரபியலாளர் சார்லஸ் யானோஃப்ஸ்கி மூலம் அந்த ரகம் நுண்ணுயிரியலாளர் ஜான் ஸ்பிஸிஸனின் கைக்குப் போனது. 1958இல் ஸ்பிஸிஸன் ஒரு செய்தியை அறிவித்தார்: எளிய உப்புகளும் குளுக்கோஸும் டிரிப்டோபனும் கலந்த நீரில் வளரும் 168, சுற்றிலும் இருக்கும் டி.என்.ஏ.வை உள்ளே இழுத்துத் தன் மரபணுவாக்கிக்கொள்கிறது.

அந்தச் செய்தியின் அருமை அன்றைய நிலையைப் பார்த்தால்தான் தெரியும். டி.என்.ஏ.தான் மரபுப் பொருள் என்று ஆஸ்வால்ட் ஏவரி குழு 1944இல் காட்டியது நிமோனியாக் கிருமியை வைத்து. அது நோய் தரும் கிருமி, வளர்ப்பதும் கடினம். இப்போதோ எந்தக் கல்லூரியிலும் வளர்க்கக்கூடிய, ஆபத்தில்லாத ஓர் உயிரியில் மரபணுவை விரும்பியபடி மாற்ற முடிந்தது. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் இந்த ஒரு வசதியின் மேல் எழுந்தவை.

அவற்றில் மிகச் செழித்தது வித்து உருவாக்கத்தைப் பற்றிய ஆய்வு. உணவு தீரும்போது பேசில்லஸ் வழக்கம்போல் நடுவில் பிளவுபடாமல், ஒரு முனைக்கு அருகில் சுவர் எழுப்புகிறது. சிறிய அறை வித்தாகப் போவது, பெரிய அறை தாயணு. சுவர் எழும்பும் நேரத்தில் சிறிய அறைக்குள் குரோமோசோமின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். மீதியை ஸ்போ-3-ஈ என்ற புரதம் சுவரின் வழியே பம்ப் போல இறைத்து உள்ளே தள்ளுகிறது. பிறகு தாயணு சிறிய அறையைச் சுற்றி வளைத்து விழுங்கி, அதன் மேல் அடுக்கடுக்காக உறை கட்டுகிறது. எல்லாம் முடிந்ததும் தாயணு வெடித்துச் சாகிறது, வித்து வெளியே வருகிறது. மொத்தம் ஏழெட்டு மணி நேர வேலை.

1960களில் பாரிஸில் ஷேஃபரும் ரைட்டரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து இதைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார்கள். எந்தக் கட்டத்தில் வேலை நின்றுபோகிறதோ அந்த எண்ணையே பழுதான மரபணுவுக்குப் பெயராக வைத்தார்கள். பழுதானவற்றைக் கண்டுபிடிக்கும் வழியும் எளிமையானது. வித்து உண்டாக்கும் கூட்டங்கள் அகார் தட்டில் சில நாளில் பழுப்பேறும், பழுதானவை வெளிறியே இருக்கும். பார்த்த கண்ணுக்கே தெரிந்துவிடும்.

அதன்பின் ஹார்வர்டில் ரிச்சர்ட் லோசிக், பாரிஸில் பாட்ரிக் ஸ்ட்ரேகியர், ஆக்ஸ்ஃபோர்டில் ஜெஃப் எரிங்டன் ஆகியோரின் குழுக்கள் இந்த வேலையை யார் நடத்துவது என்று தேடின. கிடைத்தது நான்கு சிக்மா காரணிகளின் சங்கிலி. எந்த மரபணுவைப் படிக்க வேண்டும் என்று ஆர்.என்.ஏ. பாலிமரேஸுக்குக் காட்டுபவை சிக்மா காரணிகள். முதலில் சிறிய அறையில் எஃப் விழிக்கிறது. அது சுவரைத் தாண்டிச் செய்தி அனுப்பியபின் தாயணுவில் ஈ விழிக்கிறது. அதன்பின் மறுபடி சிறிய அறையில் ஜி, கடைசியாகத் தாயணுவில் கே. ஒவ்வொரு படியும் அந்தப் பக்கத்து வேலை முடிந்ததா என்று கேட்டுக்கொண்டே நகர்கிறது. இரண்டு அறைகளும் ஒரே டி.என்.ஏ.வை வைத்துக்கொண்டு, இப்படிப் பேசிப் பேசித்தான் இரண்டு வேறு உயிரணுக்களாகின்றன. கருவில் தோலும் நரம்பும் பிரிவது எப்படி என்று கேட்பவர்கள் ஒரு பாக்டீரியாவைத் திரும்பிப் பார்த்தது இதனால்தான்.

இந்தக் கதையில் என்னை மிகவும் வியக்க வைப்பது கே காரணியின் மரபணு. 168இன் குரோமோசோமில் அது முழுதாக இல்லை. இரண்டு துண்டாக, நடுவே 48,000 எழுத்து நீளமுள்ள வேற்று டி.என்.ஏ. செருகப்பட்டுக் கிடக்கிறது. தாயணுவில் மட்டும், உரிய நேரம் வந்ததும், ஒரு நொதி அந்த நீண்ட துண்டை வெட்டி எறிந்து இரு முனைகளையும் ஒட்டுகிறது. ஸ்ட்ரேகியரும் லோசிக்கும் கூட்டாக 1989இல் இதை வெளியிட்டார்கள். இப்படி வெட்டி எறிந்த துண்டைத் திரும்பச் சேர்க்க முடியாது. ஆனால் தாயணுவோ சாகப்போகிறது, அதற்கு அடுத்த தலைமுறை இல்லை. வித்துக்குள் இருக்கும் பிரதியை யாரும் தொடுவதில்லை. நம் உடலின் எதிர்ப்பு அணுக்களும் தங்கள் மரபணுக்களை வெட்டி ஒட்டிக்கொள்கின்றன, அவையும் அந்த மாற்றத்தைப் பிள்ளைகளுக்குக் கடத்துவதில்லை. பாக்டீரியாவிலேயே இத்தகைய ஏற்பாடு இருக்கிறது.

வித்து ஆவதென்பது திரும்ப முடியாத முடிவு. அதனால் பேசில்லஸ் அதை எளிதில் எடுப்பதில்லை. 2003இல் லோசிக் குழு காட்டியபடி, முதலில் தயாராகும் அணுக்கள் நஞ்சை வெளியிட்டு இன்னும் தயாராகாத உடன்பிறப்புகளைக் கொன்று, அதில் கசியும் சத்தைத் தின்று, வித்தாவதைத் தள்ளிப்போடுகின்றன. டி.என்.ஏ.வை உள்ளிழுக்கும் திறனும் எல்லா அணுக்களுக்கும் ஒன்றாக வருவதில்லை. ஒரே குடுவையில் ஒரே சத்தை உண்ணும் அணுக்களில் பத்தில் ஒன்று அளவுக்குத்தான் அந்த நிலைக்குப் போகும். காம்-கே என்ற புரதம் தன்னைத்தானே தூண்டிக்கொள்வது. தற்செயலாக அதன் அளவு ஒரு வரம்பைத் தாண்டிய அணுவில் அது மளமளவென்று பெருகுகிறது, தாண்டாத அணுவில் அடங்கிப்போகிறது. டேவிட் டப்னாவும் குரோல் சூயலும் தனித்தனியே செய்த ஆய்வுகள், தற்செயல் என்பதும் உயிரின் ஒரு கருவி என்று நிறுவியவற்றில் முன்னிற்பவை.

மற்ற மைல்கற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1997இல் ஐரோப்பிய, ஜப்பானிய ஆய்வகங்கள் பல சேர்ந்து 168இன் 42 லட்சம் எழுத்துகளையும் படித்து முடித்தன. ஏறத்தாழ 4,100 மரபணுக்கள். சத்துள்ள ஊடகத்தில் உயிர்வாழ இன்றியமையாதவை அவற்றில் 271 மட்டுமே என்று 2003இல் கணக்கிட்டார்கள். 2001இல் எரிங்டன் குழு, நம் தசைகளில் உள்ள ஆக்டினின் உறவினரான ஒரு புரதம்தான் இதன் குச்சி வடிவத்தைக் காக்கிறது என்று காட்டியது. பாக்டீரியாவுக்கு உட்சட்டகம் கிடையாது என்ற பழைய பாடம் அதோடு முடிந்தது.

இவ்வளவும் நடந்தது 168ஐ வைத்து. அந்த 2001இலேயே ஹார்வர்டிலிருந்து வந்த இன்னொரு கட்டுரை அடித்தளத்தையே கேள்வி கேட்டது. மார்பர்க் ரகத்தின் பழக்கப்படாத வாரிசு ஒன்று 3610 என்ற எண்ணில் சேமிப்பகத்தில் இருந்தது. அதை அசையாத நீரில் வளர்த்தால் மேற்பரப்பில் தடித்த, சுருக்கம் விழுந்த ஏடு படர்கிறது. அகாரில் வளர்த்தால் கோபுரங்கள் எழும்பி, அவற்றின் உச்சிகளில் வித்துகள் உருவாகின்றன. அதே சூழலில் 168 வளர்க்கப்பட்டபோது மெல்லிய, சத்தில்லாத படலம் மட்டுமே வந்தது. உயிர்ப்படலம் என்று இன்று சொல்லப்படும் கூட்டு வாழ்க்கையை 168 மறந்துவிட்டிருந்தது.

என்ன தொலைந்தது என்பது பின்னால் தெளிவானது. கூழ்ப்பொருள் தயாரிக்கும் மரபணுவில் பழுது. சர்ஃபாக்டின் என்ற நுரைப்பொருளுக்குத் தேவையான எஸ்.எஃப்.பி. மரபணுவில் பழுது. கூட்டமாக ஊர்ந்து பரவ உதவும் மரபணுவிலும் பழுது. 3610இல் குரோமோசோமுக்கு வெளியே தனி டி.என்.ஏ. வளையமாக இருக்கும் ஒரு பிளாஸ்மிடு 168இல் இல்லவே இல்லை. அந்த பிளாஸ்மிடில்தான் டி.என்.ஏ. உள்ளே வருவதைத் தடுக்கும் ஒரு மரபணுவும் இருந்தது என்று 2013இல் தெரிந்தது. அதாவது 168 விருப்பம்போல் டி.என்.ஏ.வை வாங்கிக்கொண்டதற்கு ஒரு காரணமே அது தன் காட்டுச் சொத்தில் ஒன்றை இழந்திருந்ததுதான். மரபணு ஆய்வுக்கு வாகான ரகத்தை ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். சேர்ந்து வாழும் பழக்கம் கைவிட்டுப் போனதைக் கவனிக்க நாற்பதாண்டுக்கு மேல் ஆயிற்று. சந்தை விலைக்காக நெல் ரகங்களைத் தேர்ந்து, பூச்சியைத் தாங்கும் குணத்தை இழந்த உழவர்களுக்கு இது புதிய அனுபவமாக இருக்காது.

காட்டு ரகத்துக்குத் திரும்பியபின் வந்த கண்டுபிடிப்புகள் வேறு தரத்தவை. 2015இல் சூயலின் குழு, உயிர்ப்படலத்தின் உட்பகுதி அணுக்கள் குளுட்டமேட் பசியில் பொட்டாசியத்தை வெளியிட, அது மின்னலையாக விளிம்பு வரை பரவி வெளிப்பக்க அணுக்களின் வளர்ச்சியைச் சற்று நிறுத்திவைக்கிறது என்று காட்டியது. அதனால் உள்ளே இருப்பவற்றுக்கும் உணவு போய்ச் சேர்கிறது. நரம்பணு பயன்படுத்தும் அதே வகைப் பொட்டாசிய வாயில்தான் இங்கும் வேலை செய்கிறது. ஸ்லோவேனியாவில் சாவா ஆற்றங்கரையில், ஒரு கன சென்டிமீட்டர் அளவுள்ள மண் மாதிரிகளிலிருந்து பிரித்த சப்டிலிஸ் ரகங்களை ஒரே தட்டில் எதிரெதிரே விட்டபோது, உறவு நெருங்கிய கூட்டங்கள் ஒன்றாகக் கலந்தன. உறவு விலகியவை நடுவில் தெளிவான எல்லைக்கோடு போட்டு விலகி நின்றன. விரல் நுனியளவு மண்ணிலேயே உற்றாரும் மற்றாரும் இருக்கிறார்கள்!

பயன்பாட்டுப் பக்கம் வந்தால், ரகத்தின் முக்கியத்துவம் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. ஜப்பானியரின் நாட்டோ இந்த பாக்டீரியா புளிக்க வைத்த சோயா. 1906இல் சவமுரா அதைப் பிரித்தெடுத்தார். மணிப்பூரின் ஹவாய்ஜாரும் சிக்கிமின் கினேமாவும் அதே குடும்பத்து உணவுகள். நாட்டோவில் நூலிழுக்கும் பசையைத் தருவது பாலிகுளுட்டாமிக் அமிலம். 168 அந்தப் பசையைத் தருவதில்லை. சலவைத்தூளில் கறை நீக்கும் சப்டிலிசின் இந்த இனத்திலிருந்தும் இதன் நெருங்கிய உறவினங்களிலிருந்தும் வந்த நொதி. 1969இல் அதன் வடிவம் தெரிந்தபோது, நம் குடலில் உள்ள கைமோட்ரிப்சினுக்கு எந்த உறவும் இல்லாத இந்த நொதி, அதே மூன்று அமினோ அமிலங்களை அதே அமைப்பில் வைத்து வேலை செய்வது புலப்பட்டது. பரிணாமம் ஒரே விடையைத் தனித்தனியே இருமுறை கண்டிருக்கிறது. இன்று மாத்திரைகளில் சேரும் ரிபோஃப்ளேவினின் ஒரு பகுதியும் மரபணு மாற்றிய சப்டிலிஸ் தொட்டிகளில் விளைவது.

நம் வயல்களிலும் அது இருக்கிறது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் வாடல் நோய்க்கும் வேரழுகலுக்கும் பேசில்லஸ் சப்டிலிஸ் தயாரிப்பைக் கிலோ விதைக்கு 10 கிராம் என்ற அளவில் விதைநேர்த்திக்குப் பரிந்துரைக்கிறது. இதுபோலவே விற்கப்படும் இன்னொரு பாக்டீரியாவான சூடோமோனாஸுக்கு வித்து கிடையாது, கோடை வெயிலில் கடையில் கிடந்தால் அதன் உயிர்ப்பு குறைந்துகொண்டே போகும். பேசில்லஸ் வித்தாக உறங்குவதால் தாங்குகிறது. ஆனால் கடைகளில் விற்கும் பொட்டலங்கள் பலவற்றில் இனத்தின் பெயர் மட்டுமே இருக்கிறது, ரகத்தின் எண் இல்லை. பூஞ்சைக்கு எதிரான வேதிப்பொருளை ஒரு ரகம் தயாரிக்கும், இன்னொன்று தயாரிக்காது. ரகம் தெரியாத பொட்டலம் உழவருக்குச் சொல்வது பாதிச் செய்திதான்.

மருத்துவத்தில் அண்மையில் நம்பிக்கை தந்தது தாய்லாந்து ஆய்வு. அந்நாட்டுக் கிராமத்தினரில் யார் குடலில் பேசில்லஸ் இருந்ததோ அவர்களிடம் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற நோய்க்கிருமி இல்லை என்று 2018இல் தெரிந்தது. பேசில்லஸ் சுரக்கும் ஃபெஞ்சைசின் என்ற பொருள், அந்தக் கிருமி குடலில் தங்குவதற்காகத் தன் அணுக்களுக்கிடையே நடத்தும் வேதி உரையாடலைக் குலைக்கிறது. பிறகு சப்டிலிஸ் வித்துகளை உட்கொள்ளக் கொடுத்து நடத்திய மருத்துவச் சோதனையிலும் மலத்தில் அந்தக் கிருமியின் எண்ணிக்கை பெருமளவு சரிந்தது. எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களில் பேசில்லஸ் இரத்தத்தில் புகுந்த நேர்வுகளும் அரிதாகப் பதிவாகியிருப்பதால், இதை எல்லோருக்கும் பொது மருந்தாக எண்ணிவிடக் கூடாது.

தீங்கற்றது என்ற பெயரையே தவறாகப் பயன்படுத்திய வரலாறும் உண்டு. 1966 ஜூனில் அமெரிக்க இராணுவத்தினர், அன்று சப்டிலிஸின் ஒரு வகையாகக் கருதப்பட்ட பேசில்லஸின் வித்துகளை மின்விளக்குக் குமிழ்களில் நிரப்பி, நியூயார்க் சுரங்க ரயில் பாதையில் போட்டு உடைத்தார்கள். உயிரி ஆயுதம் எவ்வளவு தூரம் பரவும் என்று அளப்பது நோக்கம். பயணம் செய்த மக்களுக்கு எதுவும் தெரியாது. பல ஆண்டுகள் கழித்துச் செனட் விசாரணையில்தான் இது வெளிவந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்ற விளக்கம் போதாது. சம்மதம் கேட்காமல் மக்களைச் சோதனைப் பொருளாக்கியது குற்றம்தான்.

வித்து எத்தனை காலம் உயிரோடிருக்கும் என்பதில் இன்னும் முடிவில்லை. 1984 முதல் 1990 வரை விண்வெளியில் கிடந்த அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றில், புறஊதாக் கதிர் படாமல் காக்கப்பட்ட சப்டிலிஸ் வித்துகளில் பெரும்பகுதி ஏறத்தாழ ஆறாண்டுக்குப் பின்னும் முளைத்தன. பிசின்கல்லிலிருந்தும் பழைய உப்புப் படிகத்திலிருந்தும் பல கோடி ஆண்டு வயதான பேசில்லஸ்களை எழுப்பியதாக வந்த கட்டுரைகளைப் பலர் ஏற்பதில்லை. இக்காலத்து வித்து உள்ளே புகுந்திருக்கும் என்ற ஐயம் தீரவில்லை, எனக்கும் தீரவில்லை. நேராக அளந்து பார்க்க எடின்பரோவில் 2014இல் ஒரு சோதனையைத் தொடங்கியிருக்கிறார்கள். கண்ணாடிக் குப்பிகளில் அடைத்த சப்டிலிஸ் வித்துகள் முதல் 24 ஆண்டுகளுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறையும் பின்னர் 25 ஆண்டுக்கு ஒருமுறையும் திறக்கப்படும். முடிவு 2514இல்.

நம்மால் இன்றே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் நம் கல்லூரி ஆய்வகங்களில் மாணவர்கள் மண்ணிலிருந்து பேசில்லஸைப் பிரிக்கிறார்கள். ஒரு கிராம் மண்ணை நீரில் கலக்கி, 80 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் பத்து நிமிடம் வைத்தால் மற்றவை சாகும், வித்துகள் மிஞ்சும். நீர்க்கச் செய்து அகாரில் பரப்பினால் மறுநாள் வெளுப்பான, மினுக்கமில்லாத, ஓரம் கிழிந்தாற்போன்ற கூட்டங்கள் எழும்பும். மாலகைட் பச்சையை ஆவியில் ஏற்றிச் சாஃப்ரானின் ஊற்றிப் பார்த்தால் சிவப்புக் குச்சிக்குள் பச்சை வித்து தெரியும். பதிவேட்டில் படம் வரைந்து கையெழுத்து வாங்கியதும் தட்டு ஆட்டோகிளேவுக்குப் போய்விடுகிறது. தஞ்சைக் களிமண், கோவில்பட்டிக் கரிசல், இராமநாதபுரத்து உவர்மண், நீலகிரித் தேயிலைச் சரிவு என எல்லாவற்றின் ரகங்களும் இப்படித்தான் அழிகின்றன.

ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். வாங்கிய 168ஐ மட்டும் வளர்த்துக் காட்டாதீர்கள். மாணவர்கள் பிரித்த கூட்டங்களில் நல்லதாகச் சிலவற்றை எடுத்து வித்தாகவிட்டு, சுத்தமான வடிகட்டித் தாளில் காயவைத்து, மண் எடுத்த இடம், தேதி, பயிர் ஆகியவற்றை எழுதி உறையில் போட்டு வையுங்கள். 16எஸ் மரபணுவோடு ஜைரேஸ் மரபணுவையும் படித்தால்தான் சப்டிலிஸையும் அதன் நெருங்கிய உறவினங்களையும் பிரித்தறிய முடியும். சோற்றைக் கெடுக்கும் பேசில்லஸ் சீரியஸும் உங்கள் தட்டில் இருந்திருக்கலாம், அதையும் சோதித்துவிடுங்கள். உறுதியானவற்றைச் சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. நுண்ணுயிர்ச் சேமிப்பகத்துக்கு அனுப்புங்கள்.